கிறிஸ்துமஸ் ஆயத்தத்தை எப்போது தொடங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸ் ஆயத்தத்துக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. அலங்காரத்துக்கு வேறொரு தொடக்க நாள் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் நவம்பர் முழுவதும் ஒன்றும் நடக்காமல், டிசம்பர் 20-க்குப் பிறகு எல்லா வேலையும் தலைமேல் வந்து விழுகிறது. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாளே ஆயத்தத்தைத் தொடங்கிவிடலாம். அலங்காரத்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன் தொட வேண்டியதில்லை. குடில், பூ, தோரணம் ஆகியவற்றை டிசம்பர் 17 முதல் 24 வரையிலான எட்டு நாட்களுக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. நாட்கள் எடுக்கும் வேலை முதலில், வாடிப்போகும் பொருள் கடைசியில் என்ற ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைப்பட்டுவிடும்.

இந்த ஒழுங்கை நம் இரு மாவட்டங்களுக்கும் பொருத்தும்போது நான்கு விஷயங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பாதி வரையிலும் இங்கே எதிர்பாராமல் கொட்டக்கூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, பேருந்து நிலையத்தை ஒட்டி நின்ற வண்டிகளையே வெள்ளம் இழுத்துச் சென்றது. இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு. பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி 23-ஆம் தேதி வாக்கில் முடியும் அந்தத் தேர்வு, குடில் கட்டும் நாட்களோடு நேராக மோதுகிறது. மூன்றாவது, கார்த்திகை மாத முகூர்த்தங்கள். பந்தல்காரர், தையல்காரர், மின்விளக்கு வாடகைக்கு விடுவோர் எனப் பலருக்கும் அந்த மாதம் முழுவதும் கல்யாண வேலை இருக்கும். டிசம்பர் 16-ஐ ஒட்டி மார்கழி பிறந்து கல்யாணங்கள் நின்றதும், அதே ஆட்கள் கைக்குக் கிடைப்பார்கள். நான்காவது, பெங்களூரு, ஓசூர், திருப்பூர் ஆகிய ஊர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் 23-ஆம் தேதி இரவிலோ 24-ஆம் தேதி காலையிலோதான் வந்து சேர்வார்கள் என்பது. அவர்களை நம்பி ஒதுக்கி வைக்கும் எந்த வேலையும் ஒரே பகலில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் படி: தேதிகளைக் குறித்துக்கொள்ளுதல்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணினால் அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே விழும். 2026-இல் அது நவம்பர் 29. 2027-இல் நவம்பர் 28. 2028-இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமையில் வருவதால் டிசம்பர் 3 வரை தள்ளிப்போகிறது. அந்த ஆண்டில் நான்காம் ஞாயிறும் கிறிஸ்துமஸ் முந்தின இரவும் ஒரே நாளில் வந்துவிடும் என்பதால், அன்று காலைத் திருப்பலிக்கும் இரவுத் திருப்பலிக்கும் இடையில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ள முடியாது. நாட்காட்டி வாங்கியதும் இந்த ஞாயிறையும், பிள்ளைகளின் தேர்வு அட்டவணையையும், ஊருக்கு வருவோரின் விடுப்பு நாட்களையும் ஒரே தாளில் குறித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். வீட்டில் உள்ள அனைவர் கண்ணிலும் படும் இடம் அதுதான்.

ரயிலில் வருவோருக்கு முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே டிசம்பர் 23, 24 ஆகிய நாட்களுக்கான பயணச்சீட்டை அக்டோபர் கடைசி வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லாததால் அங்கு வருவோர் ஓசூர், தருமபுரி, ஜோலார்பேட்டை ஆகியவற்றில் எங்கு இறங்கி எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: நவம்பரில் முடிக்க வேண்டியவை

நவம்பர் மாதம் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கானது. பரண் மேலிருக்கும் பெட்டியை இறக்கி, சுரூபங்களைத் துடைத்து, உடைந்தது எது, நிறம் போனது எது என்று பார்ப்பதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். மாதாவின் கை உடைந்திருப்பதை டிசம்பர் 22-ஆம் தேதி கண்டுபிடித்தால் ஒட்டவும் முடியாது, ஒரே அளவில் வேறொன்று வாங்கவும் முடியாது. சீரியல் விளக்குகளை ஓர் இரவு முழுவதும் வீட்டுக்குள் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். போட்டவுடன் எரியும் சரம் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பாதியில் அணைந்துபோவது வழக்கமான கோளாறு.

துணி எடுப்பதைத் தீபாவளி நெரிசல் தணிந்ததும் முடித்துக்கொள்ளலாம். மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் எடுப்போருக்குப் பர்கூர் ஜவுளிச் சந்தை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தைக்கக் கொடுப்பதானால் நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, டிசம்பர் 15-ஐத் தவணையாகச் சொல்ல வேண்டும். 23-ஆம் தேதியைத் தவணையாகச் சொன்னால், அளவு பிசகினால் திருத்த நாள் இருக்காது.

வெள்ளையடிப்பதில் மட்டும் அவசரம் கூடாது. ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் உரிந்து விழும். உள்சுவர்களை நவம்பர் கடைசியில் வெயில் அடிக்கும் நாட்களாகப் பார்த்து அடிக்கலாம். வெளிச்சுவரை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வானம் தெளிந்த பிறகே அடிக்க வேண்டும். அதற்கும் மழை இடம் கொடுக்காவிட்டால் வாசலையும் திண்ணையையும் மட்டும் அடித்து, மற்றதைப் பொங்கலுக்கு விட்டுவிடுவதில் தவறில்லை.

வீட்டு வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டிய இன்னொரு வேலை, யாரோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கிறதோ அவர்களோடு மறுபடி பேசுவது. அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருக்கும் வீட்டில் 24-ஆம் தேதி இரவில் திடீரென்று சமாதானம் பிறந்துவிடாது. நவம்பரில் ஒரு முறை பெரியவர்களை முன்னிட்டுப் போய்ப் பேசினால், கிறிஸ்துமஸ் அன்று ஒரே பந்தியில் உட்கார வழி பிறக்கும். எல்லா ஆயத்தத்திலும் இதற்குத்தான் அதிக நாள் தேவைப்படும் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி: முதல் ஞாயிறும் நட்சத்திரமும்

வாசலில் நட்சத்திரம் ஏற்றும் நாள் முதல் ஞாயிறாக இருக்கலாம், அல்லது பலரும் செய்வதுபோல் டிசம்பர் 1-ஆம் தேதியாக இருக்கலாம். நம் ஊர்களில் ஒரே தெருவில் கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், சி.எஸ்.ஐ. சபையார், பெந்தெகொஸ்தே சபையார் ஆகிய எல்லோரும் இருப்பார்கள். கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷனரிகள் 1895-இலேயே பணியைத் தொடங்கியவர்கள். இரு மாவட்டங்களின் கத்தோலிக்கப் பங்குகள் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டமாகின. குடில் வைப்பதில் இவர்களுக்குள் வழக்கம் வேறுபடும், சில சபைகளில் அலங்காரமே செய்வதில்லை. ஆனால் நட்சத்திரம் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. ஆகவே தெருவில் உள்ளவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாலையில் ஏற்றினால் பிள்ளைகளுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் என்பதால் அவர்களால் முழு மனத்தோடு கலந்துகொள்ளவும் முடியும்.

மூங்கில் பட்டையைக் கட்டிக் காகிதம் ஒட்டும் நட்சத்திரம் செய்வோர் அதைக் கூரைக்கு உள்ளே, சாரல் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். திறந்த மாடியில் ஏற்றுவோருக்குப் பிளாஸ்டிக் நட்சத்திரம்தான் ஏற்றது. உள்ளே எல்.இ.டி. பல்பை மட்டுமே போட வேண்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகித் தீப்பிடிக்கும். ஒயரில் ஒட்டு இருந்தால் அதை மழை நனைக்காத இடத்துக்கு மாற்றி இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வீட்டில் பொருத்தியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் கைவைக்கும் இடங்களில் மிக அவசியம்.

அன்று வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்றே: நான்கு மெழுகுவர்த்தி வைத்த பச்சை வளையம். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளைக் காப்பகத்தில் வளர்த்த விஷெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக நாளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிய வழக்கத்திலிருந்து வளர்ந்தது இது. இன்று கத்தோலிக்க ஆலயங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. கத்தோலிக்க வழக்கப்படி மூன்று மெழுகுவர்த்திகள் ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு உரியது மட்டும் ரோஜா நிறம். நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்தியின் அடியில் நிற ரிப்பனைக் கட்டிக்கொள்ளலாம். ஒரு பழைய பித்தளைத் தாம்பாளம், அதன் விளிம்பைச் சுற்றிச் சவுக்குத் தழை, நான்கு மெழுகுவர்த்திகள் ஆகியவை போதும். கார்த்திகைத் தீபத்துக்காகச் சந்தைக்கு வரும் அகல் விளக்குகளில் ஒரு டஜனையும் இந்த நாட்களில் வாங்கி வைத்துக்கொண்டால் 24-ஆம் தேதி வாசற்படிகளில் ஏற்ற உதவும்.

நான்காம் படி: ராகி விதைப்பதும் குடில் கட்டுவதும்

குடிலுக்குள் புல்வெளி வேண்டும் என்றால் பச்சைக் காகிதத்தைத் தூவ வேண்டியதில்லை. ராகி விளையும் மண்ணில் வாழ்கிறோம். டிசம்பர் 10-ஆம் தேதி வாக்கில் ஒரு கைப்பிடி ராகியை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து ஒரு நாள் வைத்தால் முளை எட்டிப்பார்க்கும். அகலமான தட்டிலோ, அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் மூடியிலோ இரண்டு விரல் உயரத்துக்கு மணலும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, முளைத்த ராகியை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிர் வெளிறி மஞ்சளாகச் சாய்ந்துவிடும். நீரை ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கும் என்பதால் கையால் தெளிப்பதே முறை. பயிர் வெளிச்சம் வரும் பக்கமே சாயும், ஆகவே தட்டைத் தினமும் பாதி வட்டம் திருப்பி வைக்க வேண்டும். 24-ஆம் தேதிக்குள் இரண்டு மூன்று அங்குல உயரத்தில், அடர்ந்த, மென்மையான பச்சை நிற்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் அதிகம் என்பதால் முளைப்பு தாமதப்படும். அங்கே மூன்று நாள் முன்னதாகவே விதைக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது தினமும் ஐந்து நிமிட வேலைதான், அதனால் இதை அவர்கள் பொறுப்பிலேயே விடலாம்.

குடில் கட்டும் வழக்கம் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடியதிலிருந்து பரவியது. அந்த முதல் குடிலில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. நம் வீட்டுக் குடிலுக்கும் வைக்கோல், சாக்கு, சோளத் தட்டை, ஓலை, பழுப்புக் காகிதம் ஆகியவை போதும். சிமெண்ட் சாக்கின் காகிதத்தை நன்கு கசக்கிப் பிரித்து, கஞ்சிப் பசை தடவி, கறுப்பும் காவியும் கலந்த சுண்ணாம்பு நீரைத் தெளித்து உலரவிட்டால், கிருஷ்ணகிரி மலையின் பாறை போலவே நிற்கும். பாசிக்காகவும் செடிக்காகவும் காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் கேடு. மரம் வைப்போர் தோட்டத்தில் வளர்த்த சவுக்கின் கிளையைக் கேட்டு வாங்கலாம், அல்லது நர்சரியில் தொட்டியோடு ஒரு செடியை வாங்கி ஆண்டுதோறும் அதையே அலங்கரிக்கலாம்.

கட்டுவதை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்வது என் பரிந்துரை. டிசம்பர் 17-ஆம் தேதி மாலையில் இடம் ஒதுக்கி, மேசையையும் மலையையும் வெறும் கொட்டகையையும் மட்டும் அமைக்க வேண்டும். 20-ஆம் தேதி வாக்கில் இடையர்களையும் ஆடுகளையும் தூரத்தில் வைக்க வேண்டும். 23 அல்லது 24-ஆம் தேதி, தேர்வு முடிந்த பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து ராகிப் பயிரையும் விளக்கையும் மாதா, சூசையப்பர் சுரூபங்களையும் வைக்க வேண்டும். தீவனத் தொட்டி மட்டும் நள்ளிரவு வரை காலியாக இருக்க வேண்டும். திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி கையால் குழந்தை இயேசுவைக் கிடத்துவார்கள். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்ட வீட்டில், அந்த இரவில் பிள்ளைகள் செய்வதற்கென்று ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: சீரியல் விளக்கைப் பொருத்திய பிறகு பயிருக்குக் குடிலுக்குள்ளேயே நீர் தெளிக்கக் கூடாது. தட்டை வெளியே எடுத்துத் தெளித்து, நீர் வடிந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பலகாரங்களின் வரிசை

எது நாள்பட நிற்குமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். ப்ளம் கேக்குக்கான உலர்பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வீட்டினர் நவம்பரிலேயே ஜாடியை நிரப்பலாம். திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைப்போர் டிசம்பர் 10-ஆம் தேதிக்கு மேல் ஊறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாட்களுக்குள் கேக் செய்துவிட வேண்டும். சாறு அதற்கு மேல் புளித்துவிடும். கேக் சுடும் ஓவன் இல்லாதவர்கள் பேக்கரியில் சொல்லி வைப்பதானால் 15-ஆம் தேதிக்குள் முன்பணம் கொடுப்பது நல்லது.

அதிரசத்துக்கு மட்டும் தனியாகக் காலம் ஒதுக்க வேண்டும். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, நிழலில் துணி மேல் பரப்பி, பிடித்தால் கையில் ஈரம் ஒட்டும் பதத்திலேயே மில்லில் அரைத்துவிட வேண்டும். முழுதும் காய்ந்த அரிசியில் அதிரசம் உதிர்ந்துபோகும். பாலக்கோடு பக்கத்துக் கரும்பு வெல்லம் முக்கால் கிலோ எடுத்துப் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைக் கிண்ணத்து நீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரும் நேரத்தில் இறக்கி, மாவைச் சிறுகச் சிறுகத் தூவிக் கிளற வேண்டும். ஏலக்காய், எள், சுக்கு சேர்த்து, மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றி, மூன்று நாள் மூடி வைத்தால் மாவு பக்குவப்படும். மார்கழிக் குளிரில் மாவு இறுகுவது இயல்பு. கையில் சிறிது வெதுவெதுப்பான பால் தொட்டுப் பிசைந்தால் இளகிவிடும். ஆகவே 18-ஆம் தேதி மாவு கிளறி, 21 அல்லது 22-ஆம் தேதி சுடுவது சரியாக இருக்கும்.

எண்ணெய்ச் சட்டி வைக்கும் நாளில் பலகாரங்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் மார்கழி விரதம் இருப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் தட்டு போக வேண்டுமல்லவா? முதலில் புது எண்ணெயில் முறுக்கு, சோமாசு, அதிரசம் ஆகியவற்றைச் சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, முட்டை சேர்க்கும் அச்சு முறுக்கையும் கலகலாவையும் அதற்குப் பிறகே செய்ய வேண்டும். தட்டைக் கொடுக்கும்போது முட்டை சேராதது என்று நாமே சொல்லிக் கொடுத்தால், வாங்குகிறவர் தயங்காமல் வாங்குவார். தேங்காய் சேர்த்த உருண்டைகளை மட்டும் 24-ஆம் தேதிக்கு முன் செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: கடைசி நாட்கள்

கறிக்கு ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் எவ்வளவு வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். உறவினர் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்குவதானால் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. திருப்பலி முடித்துக் கிளம்பினாலும் சந்தை இருக்கும், ஆனால் நல்ல உருப்படிகள் காலையிலேயே விலைபோகும். ஆகவே சனிக்கிழமை மாலைத் திருப்பலி இருக்கும் பங்கினர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாடல் குழு நம் தெருவுக்கு எந்த இரவு வருகிறது என்பதைப் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் கேட்டு வைத்துக்கொண்டால், சுக்குக் காப்பியும் முறுக்கும் ஆயத்தமாக இருக்கும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) கடைசி நாள் வரிசையில் நிற்காமல் மூன்றாம் வாரத்திலேயே போய்விடுவது பங்குத்தந்தைக்கும் நமக்கும் உதவி. ஒரே பங்குத்தந்தை பல கிளைக் கிராமங்களுக்குப் போக வேண்டியிருப்பதால், சில ஊர்களில் 24-ஆம் தேதித் திருப்பலி நள்ளிரவுக்கு வெகு முன்பே நடக்கும். அந்த நேரத்தை அறிந்த பிறகே சமையலைத் திட்டமிட வேண்டும்.

பூவை 24-ஆம் தேதி காலையில் வாங்கினால் போதும். ஓசூர் ரோஜாவானாலும் தருமபுரிச் சாமந்தியானாலும் காம்பை நீரில் வைத்து நிழலில் வைத்திருந்து, மாலை நான்கு மணிக்கு மேல் கட்டினால் மறுநாள் மாலை வரை நிற்கும். அதன் பிறகு கோலம், அகல் விளக்கு, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைப்பது ஆகியவை மட்டுமே மிஞ்ச வேண்டும். எட்டு மணிக்குப் பிறகும் யாராவது ஏணி மேல் நின்றால், தொங்கவிடாத தோரணத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு அவரை இறங்கச் சொல்ல வேண்டும். நள்ளிரவுத் திருப்பலிக்குக் களைத்துப்போய் உட்காருவதற்கு அலங்காரம் ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

ஏழாம் படி: கழற்றும் நாள்

புத்தாண்டு முடிந்ததும் கழற்றிவிட வேண்டாம். மூன்று ஞானியரின் திருக்காட்சிப் பெருவிழா மரபுப்படி ஜனவரி 6. நம் ஆலயங்களில் அது ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறில் கொண்டாடப்படுகிறது. அதுவரை குடில் இருக்கட்டும். ஞானியர் சுரூபங்களை அன்றுதான் கொட்டகைக்கு அருகே நகர்த்த வேண்டும். அடுத்த வாரமே போகி வந்துவிடுவதால் அதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கி முடிப்பது வசதி. சுரூபங்களைத் தனித்தனியே பழைய வேட்டித் துணியில் சுற்றி, சீரியல் சரங்களை அட்டையில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு பெட்டியில் அடுக்க வேண்டும். உடைந்தவற்றின் பட்டியலைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடலாம். ராகிப் பயிரை மாட்டுக்கோ ஆட்டுக்கோ கொடுத்துவிட்டு, தட்டில் மிஞ்சும் மண்ணைச் செடிக்குப் போடலாம்.